இரவில் படுத்தார், காலையில் எழவில்லை: வளைகுடாவில் காரணம் எழுதப்படாத மரணங்கள்

திருச்சி விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் வாசல் ஒன்று. சரக்கு வெளியே வரும் வாசல் இன்னொன்று. துபாய், ஷார்ஜா விமானங்கள் வந்திறங்கும் சில இரவுகளில் இரண்டாவது வாசலில் ஆம்புலன்ஸ் காத்து நிற்கும். பக்கத்தில் நாலைந்து ஆண்கள். ஒருவர் கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே உடலைப் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து முத்திரை விழுந்த பாஸ்போர்ட், அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட இறப்புச் சான்றிதழ். கையெழுத்துகள் முடிந்ததும் மரப்பெட்டி வரும். வண்டி அறந்தாங்கிக்கோ பரமக்குடிக்கோ கிளம்புவதற்கு முன் யாராவது ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் அந்தச் சான்றிதழைப் படிப்பார். இறப்புக்குக் காரணம்: இதயத் துடிப்பு நின்றது.

வயது முப்பது இருக்கும். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. "ராத்திரி சாப்பிட்டுட்டுப் படுத்தான். டியூட்டிக்கு எழுப்பினோம், எழுந்திரிக்கல." அறை நண்பர்கள் போனில் சொல்லும் இந்த வரியைத் தாண்டி வீட்டுக்கு வேறு எந்த மருத்துவ விளக்கமும் வந்து சேர்வதில்லை.

இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. ஆகவே இதயம் நின்றது என்று எழுதுவது காரணத்தை எழுதுவது ஆகாது. இறப்புச் சான்றிதழில் இப்படி எழுதக் கூடாது, எதனால் நின்றது என்பதைத்தான் எழுத வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான சான்றிதழ்கள் அந்த ஒரே வரியோடுதான் வருகின்றன. அந்த வரிக்குப் பின்னால் வலிப்பு இருக்கலாம், பிறவியிலேயே வந்த இதயக் கோளாறு இருக்கலாம், வெயில் இருக்கலாம். எது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்காததன் விலையை ஊரில் இருக்கும் மனைவியும் பிள்ளைகளும் தம்பிகளும் கொடுக்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

ஆறு வளைகுடா நாடுகளில் 2014 முதல் 2019-ன் பிற்பகுதி வரை 33,988 இந்தியத் தொழிலாளர்கள் இறந்ததாக மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. சராசரியாக நாளுக்குப் பதினைந்து பேருக்கு மேல்.

தெற்கு, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த சுமார் 10,000 தொழிலாளர்கள் ஆண்டுதோறும் வளைகுடாவில் இறக்கக்கூடும் என்றும், பாதிக்கும் மேற்பட்ட மரணங்களுக்குச் சரியான காரணம் சொல்லப்படுவதில்லை என்றும் 'வைட்டல் சைன்ஸ்' கூட்டமைப்பின் 2022 அறிக்கை கூறியது.

நல்ல மருத்துவக் கட்டமைப்பு உள்ள நாட்டில் 1 சதவீத மரணங்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியும் என்கிறது ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2021-ல் வெளியிட்ட கத்தார் அறிக்கை.

சிங்கப்பூரில் நடந்தது

தூக்கத்தில் இறந்துபோகும் ஆரோக்கியமான இளம் தொழிலாளி என்பது வளைகுடாவுக்கு மட்டும் உரிய புதிர் அல்ல. 1982-க்கும் 1990-க்கும் இடையில் சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு வந்த தாய்லாந்து ஆண்கள் 230 பேர் இப்படித்தான் இறந்தார்கள். நோய் எதுவும் இல்லை, அடிபடவில்லை, விஷம் இல்லை. தாய்லாந்துக் கிராமங்களில் இதைப் பேய் அழுத்திக் கொன்றதாக நம்பினார்கள். பிலிப்பைன்ஸிலும் ஜப்பானிலும் இதற்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு.

ஆனால் சிங்கப்பூரில் மருத்துவர்கள் இந்த மரணங்களை எண்ணினார்கள், ஆராய்ந்தார்கள், ஆய்விதழில் எழுதினார்கள். 1992-ல் ஸ்பெயினைச் சேர்ந்த ப்ருகாடா சகோதரர்கள், இசிஜியில் ஒரு விசேஷக் கோலம் காட்டும், திடீரென இதயத்தை நிறுத்திவிடும் ஒரு கோளாறை விவரித்தார்கள். 1997-ல் தாய்லாந்தில், சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்த 27 ஆண்களைப் பரிசோதித்தபோது 16 பேரின் இசிஜியில் அதே கோலம் இருந்தது. பேய் என்று நம்பப்பட்டது, இதயத் தசையின் மின்னோட்டக் கோளாறு என்று தெரியவந்தது. பரம்பரையாக வரக்கூடியது அது. காய்ச்சல் வந்தால் தூண்டப்படும். பெரும்பாலும் இரவில்தான் தாக்கும்.

இந்தக் கோளாறு வரும்போது பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் முக்கியம். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, மூளைக்கு ரத்தம் போகவில்லை, கை கால் வெட்டி இழுக்கிறது. பார்ப்பவர் "ஃபிட்ஸ்" என்பார். ஊரிலேயே இரண்டு தடவை வந்திருந்தால் வலிப்பு மாத்திரையும் ஆரம்பித்திருப்பார்கள். ஒரு இசிஜி எடுத்துப் பார்த்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கலாம்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜ் உள்ளிட்ட குழு 2009-ல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது, இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 100-க்கு 4 பேரிடம் காணப்படுகிறது, அவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது அதன் சாரம். வளைகுடாவில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். கணக்கு யாருக்கும் புரியும்.

வலிப்புக்குப் பிந்தைய மூன்று நிமிடம்

வலிப்பு நோயாளிகள் எதிர்பாராமல் திடீரென இறப்பதை மருத்துவ உலகம் 'சூடெப்' என்று சுருக்கிச் சொல்கிறது. தண்ணீரில் விழவில்லை, தலையில் அடிபடவில்லை, உடற்கூறாய்விலும் வேறு காரணம் தெரியவில்லை, ஆனால் வலிப்பு நோய் இருந்தவர் என்றால் அது இந்தக் கணக்கில் வரும். வலிப்பு நோய் உள்ள பெரியவர்கள் 1,000 பேரில் ஆண்டுக்கு ஒருவர் இப்படி இறக்கிறார் என்பது அமெரிக்க நரம்பியல் அகாடமி 2017-ல் ஏற்றுக்கொண்ட கணக்கு. குழந்தைகளில் 4,500-க்கு ஒருவர். 2019-ல் இருபதே வயதில் இறந்த ஹாலிவுட் நடிகர் கேமரன் பாய்ஸின் மரணம்தான் இந்தச் சொல்லை உலகறியச் செய்தது.

எப்படி இறக்கிறார்கள் என்பது 2013 வரை ஊகமாகவே இருந்தது. பல நாடுகளின் வலிப்புக் கண்காணிப்பு வார்டுகளில், கேமராவும் மின்வாய்களும் ஓடிக்கொண்டிருந்தபோதே இறந்துபோன 16 பேரின் பதிவுகளை பிலிப் ரைவ்லின் தலைமையிலான குழு ஒன்றுதிரட்டியது. பெரும்பாலான மரணங்கள் இரவில் நடந்தவை. உடல் முழுக்க வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு முதலில் வருகிறது. அது நின்றதும் மூச்சு வேகமாக வாங்குகிறது. அடுத்த மூன்று நிமிடங்களுக்குள் மூச்சும் துடிப்பும் தடுமாறுகின்றன. கடைசியில் மூச்சு முதலில் நிற்கிறது, இதயம் அதற்குப் பிறகுதான் நிற்கிறது. பலர் குப்புறக் கிடந்தார்கள். மருத்துவமனைக்குள்ளேயே இரவில் ஆள் குறைவாக இருந்ததால் உதவி தாமதமாக வந்தது.

அப்படியானால் அந்த மூன்று நிமிடங்களில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்?

சுவீடன் ஆய்வாளர்கள் 2020-ல் இதற்குப் பதில் சொன்னார்கள். பெரிய வலிப்பு வருபவர் அறையில் தனியாகத் தூங்கினால், அப்படி வலிப்பு வராமல் துணையோடு தூங்குபவரைவிட அவருக்கு ஆபத்து 67 மடங்கு அதிகம். வலிப்பைக் கட்டுப்படுத்துவது ஒரு கேடயம், அறையில் இன்னொருவர் இருப்பது இன்னொரு கேடயம்.

வளைகுடாவின் லேபர் கேம்ப் அறையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். துபாயின் சோனாப்பூரிலோ அபுதாபியின் முஸஃபாவிலோ ஓர் அறையில் ஆறு பேர், எட்டு பேர். இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலையும் சுற்றிப் பழைய பெட்ஷீட்டில் திரை, கட்டிலுக்கடியில் சூட்கேஸ், சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும் ஏசி. தனிமையே கிடைக்காத இடம் அது. சுவீடனில் தனியாக வாழும் நோயாளிக்குக் கிடைக்காத காவல் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருக்கிறது. ஆனால் அந்தக் காவலர்களுக்குத் தங்கள் நண்பனுக்கு வலிப்பு உண்டு என்பதே தெரியாது. திரைக்குள் கேட்கும் முனகலைக் குறட்டை என்று நினைத்துத் திரும்பிப் படுப்பார்கள். அவர் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம்.

'மெடிக்கல்' என்னும் மதில்

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வளைகுடா வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் ஊரிலேயே மருத்துவப் பரிசோதனை முடிக்க வேண்டும். காம்கா என்று பழகிப்போன இந்த ஏற்பாட்டுக்கு இப்போது வாஃபித் என்று பெயர். தகுதியில்லை என்று திருப்பி அனுப்புவதற்கான நோய்ப் பட்டியலில் மனநோய்களோடு நரம்பியல் கோளாறுகளும் இருக்கின்றன. எக்ஸ்ரேயில் காசநோய்த் தழும்பு தெரியும், ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி தெரியும். வலிப்பு எதிலும் தெரியாது. அது நோயாளி வாய் திறந்து சொன்னால் மட்டுமே தெரியவரும் நோய். ஏஜென்டுக்கு வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியவர் யாரிடம் வாய் திறப்பார்?

மறைப்பது இங்கிருந்து பழகிய பழக்கமும்தான். கல்யாணத்துக்கு மறைத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயை ஒரு தடையாக வைத்திருந்ததை நீக்கவே 1999 வரை ஆயிற்று. சட்டம் மாறிவிட்டது, "காக்கா வலிப்பு" என்ற பேச்சு மாறவில்லை. இத்தனைக்கும் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் சரியான மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரை போட்டு மூன்று வருடமாக வலிப்பு வராத ஒருவரையும், வாரம் இரண்டு முறை வருகிறவரையும் ஒரே 'அன்ஃபிட்' முத்திரையால் அடிப்பது மருத்துவமும் அல்ல, நியாயமும் அல்ல. உயரத்தில் நின்று வெல்டிங் வைப்பவருக்கு ஒரு விதி, கடையில் கணக்கு எழுதுபவருக்கு ஒரு விதி என்று பிரித்துப் பார்க்க முடியும்.

மறைத்துப் போனவரின் அடுத்த சிக்கல் மாத்திரை. தமிழ்நாட்டில் வலிப்புக்குச் சாதாரணமாக எழுதித் தரப்படும் ஃபீனோபார்பிடோன், குளோபாசம், குளோனாசிபாம் ஆகியவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். கொண்டுபோவதற்கு அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் சீட்டும் நோய் அறிக்கையும் கேட்பார்கள். நோயையே மறைத்தவர் அறிக்கையை எங்கே காட்டுவார்? மாத்திரையை விட்டுவிட்டுப் போகிறார், அல்லது கொண்டுபோனது மூன்றாவது மாதம் தீர்ந்துபோகிறது. இந்த வகை மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் முன்பிருந்ததைவிட மோசமான, அடுக்கடுக்கான வலிப்பு வரலாம். கூடவே நைட் ஷிஃப்ட், தூக்கமின்மை, வெயில். ரமலான் மாதத்தில் நோன்பு வைப்பவர்களுக்கு மாத்திரை வேளைகளுக்கு நடுவில் நீண்ட இடைவெளி விழுந்துவிடும். ஒருநாளைக்கு ஒருமுறை போடும் நீடித்த செயல்பாட்டு மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்டால் தீரக்கூடிய பிரச்சினை இது. கேட்பதற்கும் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாற்றமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2025 ஜனவரி முதல் அமீரகத்தின் எல்லா எமிரேட்களிலும் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வடக்கு எமிரேட்களுக்கான அடிப்படைத் திட்டத்தின் விலை 320 திர்ஹம், அதை முதலாளிதான் கட்ட வேண்டும். ஏற்கெனவே உள்ள நாள்பட்ட நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. மருந்துச் செலவில் 30 சதவீதத்தை நோயாளி கொடுக்க வேண்டும். வலிப்பு நோயாளிக்கு இது பெரிய கதவு. அந்தக் கதவின் பக்கம் போகவே அவருக்குத் தைரியம் வர வேண்டும்.

பெட்டிச் செய்தி: அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்தால்

கடிகாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கூர்மையான, கடினமான பொருட்களை அகற்றுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள். கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டி, தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குப்புறப் படுக்க விடாதீர்கள். மூச்சு சீராகி, பேச ஆரம்பிக்கும் வரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூச்சு இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியை ஆரம்பியுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, வெயிலில் வேலை செய்தவருக்கு வந்தாலோ ஆம்புலன்ஸ்: அமீரகம் 998, சவூதி 997, கத்தார் 999, பஹ்ரைன் 999, குவைத் 112, ஓமன் 9999.

வலிப்பு உள்ளவருக்குக் கீழ்க்கட்டிலைக் கொடுங்கள்.

வெயிலும் ஒரு சாட்சி

வலிப்பு நோயே இல்லாதவருக்கும் வளைகுடாவில் வலிப்பு வரலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளை தடுமாறும், பிதற்றல் வரும், கை கால் இழுக்கும். வியர்வையில் உப்பு போய், வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரும்.

கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019-ல் 'கார்டியாலஜி' இதழில் வந்த ஆய்வு இந்த விஷயத்தில் மிக முக்கியமானது. 2009 முதல் 2017 வரை நிகழ்ந்த 1,354 மரணங்களை எடுத்துக்கொண்டு, மாதாமாதம் இருந்த வெப்பத்தோடு ஒப்பிட்டார்கள். இதய நோய் என்று எழுதப்பட்டவை 571. வெயில் ஏறும் மாதங்களில் அவையும் ஏறின. வெப்பத்திலிருந்து காப்பாற்றும் ஏற்பாடு சரியாக இருந்திருந்தால் 200 பேர் வரை பிழைத்திருக்கலாம் என்று முடித்தார்கள். 2021-ல் கத்தார் விதிகளைக் கடுமையாக்கியது: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை கூடாது. ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். அமீரகத்தில் இடைவேளை இன்னும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 வரைதான். குறியீட்டின்படி நிறுத்துவதுதான் அறிவியல். கடிகாரத்தின்படி நிறுத்துவது அரைக்கிணறு தாண்டுவது.

ஒரு வரியின் விலை

'இயற்கை மரணம்' என்று எழுதிவிட்டால் முதலில் அடிபடுவது பணம். அமீரகத் தொழிலாளர் சட்டப்படி வேலை சார்ந்த மரணத்துக்கு 24 மாத அடிப்படைச் சம்பளம் இழப்பீடு. குறைந்தது 18,000 திர்ஹம், அதிகபட்சம் 2 லட்சம். இயற்கை மரணத்துக்கு இது கிடையாது. சேர்ந்திருக்கும் பணிக்கொடையும் சம்பள பாக்கியும் மட்டுமே. இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா 10 லட்சம் ரூபாய் தருவதும் விபத்து மரணத்துக்கே. 2024 மார்ச்சில் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் முயற்சியில் வந்த ஆயுள் பாதுகாப்புத் திட்டம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 72 திர்ஹம் கட்டினால், விபத்தோ இயற்கை மரணமோ, குடும்பத்துக்கு 75,000 திர்ஹம் கிடைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. கம்பெனி சேர்த்துவிட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு தொழிலாளியும் கேட்க வேண்டிய கேள்வி.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. இறந்தவருக்கு ப்ருகாடா போன்ற பரம்பரைக் கோளாறு இருந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு. அண்ணன் போன இரண்டு வருடத்தில் தம்பியும் அதே விசாவில் போவது நம் ஊர்களில் சகஜம். அண்ணன் எதனால் இறந்தார் என்று தெரிந்திருந்தால் தம்பிக்கு ஒரு இசிஜி எடுத்திருப்பார்கள்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2010 முதல் 2012 வரை திடீரென இறந்த 35 வயது வரையிலான 490 பேரை ஆராய்ந்தார்கள். முழு உடற்கூறாய்வுக்குப் பிறகும் 40 சதவீதம் பேருக்குக் காரணம் தெரியவில்லை. அவர்களில் ரத்தம் கிடைத்தவர்களுக்கு மரபணுச் சோதனை செய்தபோது 27 சதவீதம் பேரிடம் சம்பந்தப்பட்ட மரபணு மாற்றம் அகப்பட்டது. தேவைப்பட்டது கொஞ்சம் ரத்தம். அதையும் எம்பாமிங்குக்கு முன்பே எடுத்தாக வேண்டும். ஃபார்மலின் ஏறிய உடலில் மரபணுச் சோதனை மிகவும் சிரமம். ஊருக்கு வந்த பிறகு எடுக்கலாம் என்பது பெரும்பாலும் நடக்காது.

வளைகுடாவில் பொதுவாகக் குற்றச் சந்தேகம் இருந்தால்தான் உடற்கூறாய்வு. கத்தார் அரசே அமர்த்திய டிஎல்ஏ பைப்பர் சட்ட நிறுவனம், திடீர் மரணங்கள் எல்லாவற்றுக்கும் உடற்கூறாய்வை அனுமதிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும், இதய நிறுத்த மரணங்களைப் பற்றித் தனி ஆய்வு நடத்த வேண்டும் என்று 2014-லேயே பரிந்துரைத்தது. ஏழு ஆண்டு கழித்து ஆம்னெஸ்டி அறிக்கை எழுதியபோதும் அதே கோரிக்கையைத்தான் மறுபடி வைக்க வேண்டியிருந்தது.

குடும்பங்களின் பக்கத்திலும் தயக்கம் உண்டு. உடலைக் கீற வேண்டாம், சீக்கிரம் அனுப்புங்கள் என்கிறார்கள். அந்த மனநிலையில் இருப்பவர்களிடம் அறிவியல் பேசுவது கொடுமை. அதனால்தான் இதைக் குடும்பத்தின் முடிவாக விடாமல் நடைமுறையாகவே வைக்க வேண்டும். ஐம்பது வயதுக்குக் கீழே காரணம் தெரியாமல் இறந்தவர் என்றால் எம்பாமிங்குக்கு முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைப்பது, ஊடுகதிர்ப் படம் எடுப்பது, அறை நண்பர்களிடம் நாலு கேள்வி கேட்டு எழுதி வைப்பது. இரவில் சத்தம் கேட்டதா? நாக்கு கடிபட்டிருந்ததா? குப்புறக் கிடந்தாரா? பகலில் எங்கே வேலை? இதில் எதற்கும் உடலைக் கீற வேண்டியதில்லை.

நேபாள ஆய்வு சாத்தியமானதே, அந்நாட்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு வாரியம் தன் தொழிலாளர்களின் மரணங்களைக் காரணத்தோடு பதிந்து வைத்ததால்தான். இந்தியத் தூதரகங்கள் வழியாக நடக்கும் ஒவ்வொரு உடல் அனுப்புதலுக்கும் பதிவு இருக்கிறது. நாடாளுமன்றத்தில் கேட்டால் எண்ணிக்கை வருகிறது. அந்தப் பதிவுகளில் வயது, வேலை, இறந்த மாதம், இறந்த நேரம் ஆகியவற்றைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களிடம் கொடுத்தால், வேலூர் சிஎம்சியிலோ சென்னை மருத்துவக் கல்லூரியிலோ ஒரு குழு வேலையை ஆரம்பித்துவிட முடியும். அதுவரை, வளைகுடாவில் ஒருவரை இப்படி இழந்த குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், நடந்ததைச் சொல்லி, ஒரு இசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்க்கக் கேட்பது. இறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள்.